37.7% ஓட்டு, 133 இடம்: சட்டமன்றம் நாம் கேட்டதா, விதி கொடுத்ததா?

ஏரிக்கரை கேட்டது:

2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தல் கணக்கை வைத்துக் கேட்கிறேன். எந்தக் கட்சி நல்லது என்ற சண்டைக்கு இழுக்க வேண்டாம், கணக்குதான் வேண்டும்.

தி.மு.க. 37.7% ஓட்டு வாங்கி 133 இடம், அதாவது சபையில் 57%. அ.தி.மு.க. 33.29%, 66 இடம். இடைவெளி நாலரை சதவீதம்கூட இல்லை, ஆனால் இடம் இரண்டு மடங்கு. நாம் தமிழர் 6.58%, ஒரு இடமும் இல்லை. 4.27% வாங்கிய காங்கிரசுக்கு 18.

மூன்று சந்தேகங்கள்.

ஒன்று: ஓட்டு இடமாக மாறும்போது எங்கே இவ்வளவு திரிகிறது? என் தொகுதியில் அதை நானே சரிபார்க்க எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும்?

இரண்டு: இலங்கையில் இருப்பதுபோல விகிதாசார முறை வந்தால் இது சரியாகிவிடுமா?

மூன்று: ஓட்டும் இடமும் அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது சபையில் நிறைவேறுவது மக்கள் விரும்பியதாக இருக்குமா? "நீங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி" என்று சொல்லும்போது அந்த "நீங்கள்" யார்?

---

தொகுதிக்கணக்கு எழுதியது:

முதலில் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். 37.7 என்பதை 133-க்குப் பக்கத்தில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. தி.மு.க. 234 தொகுதியிலும் நிற்கவில்லை. உதயசூரியன் சின்னம் இருந்தது 188 தொகுதிகளில். மீதி 46-இல் அந்தக் கட்சிக்காரர்கள் கை, கதிர் அரிவாள், பானை என்று கூட்டணியின் வேறு சின்னங்களுக்குப் போட்டார்கள். மாநிலம் முழுவதற்கும் கணக்கிட்ட சதவீதத்தில் அந்த 46 தொகுதிகளின் ஓட்டு வகுக்கும் மொத்தத்தில் மட்டும்தான் வருகிறது, தி.மு.க.வின் ஓட்டாக மேலே வருவதில்லை. காங்கிரசும் அப்படித்தான்: 25 தொகுதியில் மட்டும் நின்று மாநிலக் கணக்கில் 4.27% என்றால், நின்ற இடத்தில் அது சராசரியாகச் சுமார் 40%. நாம் தமிழர் 234-லும் நின்று 6.58%. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

சரியான ஒப்பீடு கூட்டணிக்குக் கூட்டணி. தி.மு.க. கூட்டணி 45.38%, 159 இடம் (68%). அ.தி.மு.க. கூட்டணி 39.71%, 75 இடம் (32%). இரண்டுக்கும் வெளியே போன சுமார் 15% ஓட்டுக்கு ஒரு இடமும் இல்லை. திரிபு இன்னும் இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்டிய இடத்தில் இல்லை.

ஏன் திரிகிறது? தொகுதியில் முதலாவதாக வருபவருக்கு எல்லாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை என்ற முறையில் ஓட்டு எத்தனை என்பதைவிட எங்கே என்பது பெரிது. மாநிலம் முழுக்க 6% பரவிக் கிடந்தால் பூஜ்ஜியம். அதே ஓட்டு இருபது தொகுதியில் குவிந்தால் இருபது இடம். 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 4.2% வாங்கி, ஓட்டில் மூன்றாவது பெரிய கட்சி, இடம் பூஜ்ஜியம். வங்காளத்துக்குள் குவிந்த 3.8% ஓட்டுக்குத் திரிணாமுல் காங்கிரசுக்கு 34. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 44 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி 39-இல் 37 எடுத்தது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றும் இல்லை. 2024-இல் சக்கரம் திரும்பியது: தி.மு.க. கூட்டணி சுமார் 47%, 39-க்கு 39. அ.தி.மு.க. 20 சதவீதத்துக்கு மேல், பூஜ்ஜியம். கூட்டணி கட்டத் தெரிந்தவருக்கு இந்த முறை கூலி கொடுக்கும். கட்டாதவரை அடிக்கும். அடி யார் முதுகில் விழுகிறது என்பதுதான் தேர்தலுக்குத் தேர்தல் மாறும்.

இனி உங்கள் தொகுதி. தேடவேண்டியது படிவம் 20. வாக்குச்சாவடி வாரியான இறுதி முடிவுத் தாள் அது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு பூத். வரிசையில் வேட்பாளர்கள், கடைசியில் நோட்டா, மொத்தம். தபால் ஓட்டு பூத்வாரியாக இருக்காது, அடியில் தனி வரியாக வரும். பலர் அதை விட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்து "கணக்கு இடிக்கிறது" என்று கூச்சலிடுவார்கள்.

எக்செலில் போட்ட பிறகு பார்க்க வேண்டியவை: வென்றவரின் ஓட்டைச் செல்லுபடியான மொத்த ஓட்டால் வகுங்கள், பிறகு மொத்த வாக்காளர் எண்ணிக்கையாலும் வகுங்கள். 73% பேர் வாக்களித்த தொகுதியில் 44% வாங்கி வென்றவருக்கு, பட்டியலில் இருப்பவர்களில் 32% பேர்தான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அடுத்து, தோற்றவர்கள் எல்லோரின் ஓட்டையும் கூட்டுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் உறுப்பினருக்கு எதிராகப் போட்டவர்களே அதிகம். மூன்று, நான்கு முனைப் போட்டியில் இது சாதாரணம்.

ஒரு எச்சரிக்கை. 2016-ஐயும் 2021-ஐயும் பூத்துக்குப் பூத் ஒப்பிடாதீர்கள். கொரோனாவால் ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பைக் குறைத்ததில் 2021-இல் சாவடிகள் 88,937 ஆகின. பழைய 112-ஆம் பூத்தும் புதிய 112-ஆம் பூத்தும் ஒரே தெருவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாக்காளர் பட்டியலின் பாக எண்ணையும் தெருப்பெயரையும் வைத்துத்தான் இணைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

தபால் ஓட்டு வரியை அலட்சியம் செய்யாதீர்கள் என்று சொல்லக் காரணம் ராதாபுரம். 2016-இல் அங்கே வித்தியாசம் 49 ஓட்டு. தள்ளுபடியான தபால் ஓட்டுகளைப் பற்றி வழக்குப் போனது. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்லி மறுபடி எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை முடிவு வெளிவரவில்லை. அதே ஆண்டு காட்டுமன்னார்கோவிலில் 87 ஓட்டு. 2021 தியாகராய நகரில் 137. ஓட்டு பத்து இருபதாயிரம் இடித்தாலும் அசையாத தொகுதிகள் ஒருபக்கம், ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டம் வராமல் போனால் கவிழும் தொகுதிகள் மறுபக்கம்.

தொகுதி அளவும் ஒன்றல்ல. 2021-இல் சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், சென்னைத் துறைமுகத்தில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரு எம்.எல்.ஏ.தான். 2008 மறுவரையறையில் கோடு போட்டபோது பார்த்தது 2001 மக்கள்தொகை. பழைய மாமல்லபுரம் சாலையோரம் அதன் பிறகு எழும்பிய அடுக்குமாடிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

---

வடலி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். விகிதாசாரம் என்றால் சதவீதம் அப்படியே ஆசனமாகும் என்று இந்தியாவில் பலர் நினைக்கிறார்கள். எங்கட இலங்கை முறையில் அப்படி இல்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம், விதி எங்கே கடிக்கிறது என்று தெரியும்.

ஆசனம் 6. செல்லுபடியான வாக்கு சுமார் 3 இலட்சத்து 25 ஆயிரம். நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள். தேசிய மக்கள் சக்தி 80,830 (24.85%). இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி 63,327. தமிழ்க் காங்கிரஸ் 27,986. சுயேச்சைக் குழு 17 எடுத்தது 27,855. ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513. ஈ.பி.டி.பி. 17,730. மற்றவை எல்லாம் அதற்குக் கீழே.

அரசியலமைப்பின் 99-ஆம் உறுப்புரை சொல்லும் ஒழுங்கு இது. முதலில் 5% எடுக்காத பட்டியல்களை நீக்கு. இங்கே 5% என்பது ஏறத்தாழ 16,266; மேலே சொன்ன ஆறு பட்டியல்தான் தப்பும். அடுத்து, முதலாவது வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடு. பிறகு மிஞ்சிய வாக்கை (சுமார் 2 இலட்சத்து 40 ஆயிரம்) மிஞ்சிய 5 ஆசனத்தால் வகு. சுமார் 48,050 வரும். அந்த எண்ணிக்கை எத்தனை தரம் அடங்குதோ அத்தனை ஆசனம். கடைசியாக, மீதி ஆசனத்தைப் பெரிய மிச்சம் வைத்திருப்பவருக்கு வரிசையாகக் கொடு.

போட்டுப் பாருங்கள். தே.ம.ச.வுக்கு போனஸ் 1, முழு எண் 1, மிச்சம் சுமார் 32,800. தமிழரசுக்கு முழு எண் 1, மிச்சம் சுமார் 15,300. மற்றவர்களுக்கு முழு எண் இல்லை, அவர்கள் எடுத்த வாக்கே மிச்சம். மீதி 3 ஆசனமும் தே.ம.ச., காங்கிரஸ், குழு 17 என்று போகும். முடிவு 3, 1, 1, 1. நான்கில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனம்.

இப்ப போனஸை மட்டும் எடுத்துவிட்டு அதே வாக்கை 6-ஆல் வகுங்கள். எண்ணிக்கை சுமார் 40,040. தே.ம.ச. 2, தமிழரசு 1. மிச்ச வரிசையில் காங்கிரஸ், குழு 17, பிறகு தமிழரசு (சுமார் 23,290). முடிவு 2, 2, 1, 1. ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி எண்ணூறு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் வெளியே நிற்கும்.

5% வெட்டையும் எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை சுமார் 54,220. தே.ம.ச. 2, தமிழரசு 1, காங்கிரஸ் 1, குழு 17-க்கு 1, கூட்டணிக்கு 1.

ஒரே வாக்குப்பெட்டி, மூன்று விதமான முடிவு. மூன்றுக்கும் பெயர் விகிதாசாரம்தான். 5% வெட்டில் விழுந்த வாக்கு மட்டும் 85 ஆயிரம், அதாவது முதலாவது வந்த கட்சி எடுத்ததைவிட அதிகம். அந்த மக்கள் முப்பதுக்கு மேற்பட்ட பட்டியலில் சிதறினதால் கணக்கிலேயே வரவில்லை. "பேரினவாதக் கட்சிக்கு யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது" என்று தெற்கில் தலைப்புப் போட்டவர்களும் சரி, "பிரிந்து நின்றதால் தோற்றோம்" என்று வடக்கில் புலம்பினவர்களும் சரி, இந்தக் கணக்கை ஒருதரம் கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நாடு முழுக்க 22 தேர்தல் மாவட்டம், மாவட்டத்துக்கு ஒரு போனஸ். மட்டக்களப்பு தவிர 21 மாவட்டத்திலும் தே.ம.ச. முதலாவது, ஆகவே 21 போனஸும் ஒரே பக்கம். 61.56% வாக்குக்கு 225-இல் 159 ஆசனம் வந்த கதை இதுதான். தேசியப் பட்டியலின் 29 ஆசனம் மட்டும்தான் நாடளாவிய சதவீதத்தை ஓரளவு ஒட்டிப் பிரியும். அதில் யார் போவது என்று தீர்மானிப்பது கட்சிச் செயலாளர், வாக்காளர் இல்லை.

விருப்பு வாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்சிக்குப் புள்ளடி (X குறி) போட்ட பிறகு அதே பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் இலக்கம் குறிக்கலாம். வாக்காளருக்கு ஆளைத் தெரிவு செய்யும் உரிமை என்று பார்த்தால் நல்ல ஏற்பாடு. நடக்கிறது என்னவென்றால், ஒரே கட்சிக்காரர் இருவர் மாவட்டம் முழுக்க ஒருவரோடு ஒருவர் அடிபடுவார்கள்; மாவட்டம் முழுக்கப் போஸ்டர் ஒட்டப் பணம் உள்ளவர் மேலே வருவார்.

"முன்னுரிமை வாக்கு (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது) வந்தால் எல்லாம் சரி" என்று யாராவது இனி எழுதுவீர்கள். அதற்கும் முன்கூட்டியே ஒன்று. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த வாக்கு 33 இலட்சத்துக்கு மேல். அதில் இரண்டாம், மூன்றாம் விருப்பாக இருவருக்கும் போய்ச் சேர்ந்தது வெறும் 2 இலட்சத்து 73 ஆயிரம். பன்னிரண்டு பேரில் ஒருவர்தான். மற்றவர்கள் புள்ளடியோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது அந்த இருவரையும் குறிக்கவில்லை. சட்டத்தில் 1978-இலிருந்து இருக்கிற வசதி. ஒரு தேர்தலிலும் தேவைப்படாததால் சனத்துக்குப் பழக்கமே வரவில்லை. வாக்குச்சீட்டை மாற்றினால் போதாது, வாக்களிக்கிற கையும் பழக வேண்டும்.

---

ஏரிக்கரை:

வடலி, இப்படி ஒரு கணக்கை இதுவரை யாரும் போட்டுக் காட்டியதில்லை, நன்றி. அப்படியானால் "தமிழ்நாட்டில் விகிதாசாரம் இருந்திருந்தால் நாம் தமிழருக்கு 15 இடம்" என்று 6.58-ஐ 234-ஆல் பெருக்கிச் சொல்வது தப்பா?

---

தொகுதிக்கணக்கு:

பெருக்கல் சரி, முடிவு தப்பு. விதி மாறினால் ஓட்டே மாறும். "ஜெயிக்கமாட்டார், ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும்" என்று இரண்டு பெரிய கட்சியில் ஒன்றுக்குப் போட்டவர் எத்தனை பேர், "எப்படியும் வரப்போவதில்லை, எதிர்ப்பைக் காட்டுவோம்" என்று போட்டவர் எத்தனை பேர் என்று படிவம் 20 சொல்லாது. கூட்டணிகளும் வேறுமாதிரி அமையும். மாநிலம் முழுக்க ஒரே பட்டியலா, மாவட்டவாரியா என்பதைப் பொறுத்தும் மாறும். மாவட்டத்துக்கு ஆறு இடம் என்றால் வெட்டே இல்லாவிட்டாலும் 6% வைத்திருப்பவருக்குக் கிடைப்பது கடினம், யாழ்ப்பாணக் கணக்கே சாட்சி.

திரிபை ஒரே எண்ணில் சொல்ல ஒரு வழி இருக்கிறது, கல்லாகர் குறியீடு என்பார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் ஓட்டுச் சதவீதத்துக்கும் இடச் சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து வர்க்கப்படுத்திக் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 0 என்றால் அச்சாகப் பொருத்தம். 2021 தமிழ்நாட்டைக் கட்சிவாரியாகப் போட்டால் 15-ஐ ஒட்டி வரும்; கூட்டணிவாரியாகப் போட்டால் 17-க்கு மேல். எதை ஒரு அலகாக எடுத்தோம் என்று சொல்லாமல் யாராவது இந்த எண்ணைக் காட்டினால் நம்பாதீர்கள். இலங்கை 2024-க்கு 7-ஐ ஒட்டி வருகிறது. வடலி காட்டிய கோளாறுகள் எல்லாவற்றோடும் சேர்த்து அது நம்முடையதில் பாதிக்கும் கீழே, அதையும் மறக்கக் கூடாது.

---

மூன்றாம்வாசிப்பு எழுதியது:

நீங்கள் இருவரும் வாக்கு எண்ணும் மையத்தின் வாசலிலேயே நிற்கிறீர்கள். கேட்டவரின் மூன்றாவது கேள்வி சபைக்குள் நடப்பது. என் பார்வையில் பெரிய கசிவு அங்கேதான்.

1985-இல் 52-ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சி மாறிப் பதவி வாங்கும் வியாபாரத்தைத் தடுக்க வந்த சட்டம், நோக்கம் நியாயம். ஆனால் 2(1)(ஆ) பிரிவைப் படியுங்கள். கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும் பதவி போகும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் போகும். கட்சி முன்கூட்டி அனுமதித்தாலோ பதினைந்து நாளுக்குள் மன்னித்தாலோதான் தப்பிக்கலாம். 1992 கிஹோட்டோ ஹொலோஹன் தீர்ப்பு சட்டம் செல்லும் என்று சொன்னபோதே, இந்த உத்தரவு நம்பிக்கை வாக்கெடுப்பு, ஆட்சியின் முக்கியக் கொள்கை போன்றவற்றோடு நிற்பது நல்லது என்றது. சட்டத்தின் வாசகத்தில் அந்த வரம்பு ஏறவில்லை. ஆகவே தொகுதியே எதிர்க்கும் ஒரு மசோதா வந்தால், கொறடா ஆதரிக்கச் சொன்னால், உங்கள் உறுப்பினருக்கு முன்னால் இருப்பது தொகுதியா பதவியா என்ற தேர்வு.

கூட்டணிச் சின்னத்தில் ஒரு நுணுக்கம். 2021-இல் தி.மு.க.வின் 133 என்பதில் 8 பேர் தோழமைக் கட்சிக்காரர்கள், உதயசூரியனில் நின்றவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் தி.மு.க. உறுப்பினர்கள்; அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவே அவர்களைக் கட்டும். தம் கட்சித் தலைவர் வெளியே மேடையில் ஒன்றை எதிர்த்துப் பேசினாலும் இவர்கள் உள்ளே எதிர்த்து வாக்களிக்க முடியாது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

தகுதி நீக்கம் செய்வது சபாநாயகர், அவரும் கட்சிக்காரர். 2017-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் முதல்வருக்கு எதிராக வாக்களித்த 11 அ.தி.மு.க. உறுப்பினர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். ஆகஸ்டில் ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பர் 18-இல் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரண்டுவிதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள், மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார், இடைத்தேர்தல் 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும். பத்தொன்பது மாதத்துக்கு மேல் 18 தொகுதிகளுக்கு உறுப்பினரே இல்லை. ஓட்டு இடமாக மாறுவதில் 15, 17 என்று குறியீடு போடுகிறோம். ஆண்டிபட்டிக்கும் அரூருக்கும் அந்தப் பத்தொன்பது மாதத்துக்கு என்ன குறியீடு போடுவது?

உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பார்க்கலாம் என்றால், பெரும்பாலும் பார்க்க முடியாது. மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போகின்றன. "ஆம் என்போர்", "இல்லை என்போர்", எந்தக் குரல் பெரிது என்று அவைத் தலைவர் சொல்வதே முடிவு. பெயர்வாரியாகப் பதிவாக வேண்டுமானால் யாராவது எழுந்து எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பைக் கேட்க வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் அந்தக் கோரிக்கைக்கு நடுவிலேயே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. அந்தச் சட்டங்களுக்கு யார் யார் ஆதரவு என்ற பெயர்ப்பட்டியல் இன்றுவரை அவைக் குறிப்பில் இல்லை.

இதற்கும் அடியில் ஒரு முடிச்சு இருக்கிறது, எந்தத் தேர்தல் முறையாலும் அவிழாதது. ஐந்து வாக்காளர், மூன்று விஷயம் என்று வையுங்கள்: மதுக்கடை, பேருந்துக் கட்டணம், ஏரி நிலம். இரண்டு கட்சி, அ, ஆ. முதல் ஆள் மதுக்கடையிலும் கட்டணத்திலும் அ பக்கம், ஏரியில் ஆ பக்கம். இரண்டாம் ஆள் மதுக்கடையிலும் ஏரியிலும் அ, கட்டணத்தில் ஆ. மூன்றாம் ஆள் கட்டணத்திலும் ஏரியிலும் அ, மதுக்கடையில் ஆ. நான்காமவரும் ஐந்தாமவரும் மூன்றிலும் ஆ. ஆளுக்கு எந்தக் கட்சி அதிகம் ஒத்துப்போகிறதோ அதற்கே போடுகிறார்கள். அ கட்சி 3-க்கு 2 என்று ஜெயிக்கும். இப்போது விஷயம் விஷயமாக எண்ணுங்கள். மதுக்கடையில் 3-க்கு 2 ஆ. கட்டணத்தில் 3-க்கு 2 ஆ. ஏரியிலும் அப்படியே. ஜெயித்த கட்சியின் ஒவ்வொரு கொள்கைக்கும் பெரும்பான்மை எதிர்! யாரும் ஏமாற்றவில்லை, யாரும் காசு வாங்கவில்லை, எண்ணிக்கையிலும் தப்பில்லை. ஆஸ்ட்ரோகோர்ஸ்கி முரண் என்று இதற்குப் பெயர். ஐம்பது வாக்குறுதியை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே பொத்தானில் வைத்தால் இது நடக்கும். "மக்கள் எங்களுக்கு ஆணை கொடுத்துவிட்டார்கள்" என்று தேர்தல் அறிக்கையின் 37-ஆம் வாக்குறுதியைக் காட்டி யாராவது பேசினால் இந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

பனங்காடு எழுதியது:

மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கேட்டால் முடிந்ததே! சுவிட்சர்லாந்தில் 18 மாதத்தில் 1 லட்சம் கையெழுத்துச் சேர்த்தால் அரசியலமைப்புத் திருத்தமே மக்கள் வாக்கெடுப்புக்கு வருகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்க்க 100 நாளில் 50,000 கையெழுத்துப் போதும். பிரதிநிதி நம் பேச்சைக் கேட்கவில்லை என்றால் பிரதிநிதியைத் தாண்டிப் போகும் வழி வேண்டும். மற்றதெல்லாம் ஒட்டுவேலை.

---

மூன்றாம்வாசிப்பு:

பனங்காடு, அதே சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் யார்? 1959-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்று ஆண்களிடம் மட்டும் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். 1971 வரை கூட்டாட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990-இல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அந்தந்த நாளின் வாக்காளரை அச்சாகப் பிரதிபலித்த முடிவுகள்தான் அவை.

ஒற்றைக் கேள்வியிலும் மூட்டை ஒளிந்திருக்கும். 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 51.9% ஆம் என்றது. எப்படி வெளியேறுவது என்று சீட்டில் இல்லை. 2019 மார்ச் 27 அன்று அவர்களுடைய நாடாளுமன்றம் எட்டு வழிகளை வரிசையாக வாக்கெடுப்புக்கு விட்டது. எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. "வேண்டாம்" என்பதில் கூட்டம் சேரும், "இதுதான் வேண்டும்" என்பதில் கலைந்துவிடும்.

---

தொகுதிக்கணக்கு:

பனங்காடு சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நேரடியாகக் கேட்கும் ஏற்பாடு நம்மிடமும் இருக்கிறது: கிராமசபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து அந்த எண்ணைத் தொடாவிட்டால் தீர்மானம் நிற்காது. எதிர்ப்பவர்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். தீர்மானத்தைக் கூட்டம் முடியும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, வாசிக்கவைத்து, நகல் கேளுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் "பரிசீலிக்கப்பட்டது" என்று ஒரு சொல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பல் இருக்கிறதா என்பது எந்தச் சட்டம் பின்னால் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராமசபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது, திட்டம் நிற்கவில்லை. 2013-இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 12 கிராமசபைகள் சொன்னபோது நின்றது. அங்கே 2006 வன உரிமைச் சட்டமும், கிராமசபையைக் கேள் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவும் இருந்தன. கூடிய மக்களின் உறுதியில் வித்தியாசம் இல்லை, பின்னால் நின்ற சட்டப் பிரிவில்தான்.

---

ஏரிக்கரை:

நோட்டாவை யாரும் தொடவே இல்லையே. இவர்களில் எவரும் வேண்டாம் என்பதும் ஒரு விருப்பம்தானே?

---

தொகுதிக்கணக்கு:

விருப்பம்தான், ஆனால் எண்ணிவிட்டு ஓரமாக வைக்கப்படும் விருப்பம். 2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. முன்பு யாருக்கும் ஓட்டு இல்லை என்பதை 49-ஓ விதியின்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாவடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அந்த ரகசியம் காக்கப்பட்டது என்பதே அதன் லாபம். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர் வென்றவர். டெபாசிட்டைக் காப்பாற்றத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போதும் நோட்டாவைச் செல்லுபடியான ஓட்டில் சேர்ப்பதில்லை. 2024-இல் இந்தூரில் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள், முடிவில் ஒன்றும் மாறவில்லை. மகாராஷ்டிரத்திலும் ஹரியானாவிலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று 2018-இல் மாநிலத் தேர்தல் ஆணையங்கள் உத்தரவு போட்டன. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அது பொருந்தாது.

படிவம் 20-ஐ எக்செலில் ஏற்றும்போது நோட்டா வரிசையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைவிட நோட்டா அதிகமாக இருக்கும் தொகுதி உங்களுடையதா என்று அப்போது தெரிந்துவிடும். கோப்பு ஸ்கேன் செய்த படமாக இருந்தால் 3-ஐயும் 8-ஐயும் மென்பொருள் மாற்றிப் படிக்கும், ஒவ்வொரு பக்கத்தின் அடிக்கூட்டோடும் ஒத்துப் பாருங்கள். இடித்தால் அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.